எங்கே நின்று பார்த்தார்?

தூத்துக்குடியைப் பற்றி யார் புத்தகம் எழுதினாலும் முதல் அத்தியாயத்தில் முத்து வந்துவிடும். கொற்கை வரும், பாண்டியன் வருவான், யவனர் வருவார்கள். அப்புறம் போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், இங்கிலீஷ்காரர், வ.உ.சி., துறைமுகம், உப்பளம். வரிசை மாறுவதேயில்லை. மதிப்புரைக்கு வருகிற புத்தகத்தின் பொருளடக்கத்தைப் பார்த்தாலே உள்ளே என்ன இருக்கும் என்று பெரும்பாலும் சொல்லிவிடுவேன். அப்படிச் சொல்ல முடியாத புத்தகம் ஒன்று கையில் கிடைத்தால் அன்றைக்குத் தூக்கம் கிடையாது.

நான் கப்பல் ஏஜென்சியில் வேலை பார்த்தவன். பகலில் சரக்குக் கணக்கு, ராத்திரியில் சிற்றிதழ்களுக்கு மதிப்புரை. கதை, கவிதை என்றால் எழுதுவதற்கு ஊரில் ஆள் நிறைய உண்டு. வரலாறு, ஆய்வு, தன்வரலாறு, கடல், உப்பு என்று வந்தால் பார்சல் என் வீட்டுக்கு வந்துவிடும். 'மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்பவும்' என்று அப்போதெல்லாம் இதழ்களில் அச்சிட்டிருப்பார்கள். ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று எழுதுகிறவனுக்கு. எழுதுகிறவனுக்குச் சம்பளமும் அந்தப் பிரதிதான். ஒரே பிரதி அனுப்பியவர் பெயர் 'வரப்பெற்றோம்' பகுதியில் ஒரு வரியாக வந்து நின்றுவிடும்.

ஏஜென்சி வேலை எனக்கு இந்தத் தொழிலில் பெரிய உதவி. நிலக்கரி போல மொத்தச் சரக்கு வருகிற கப்பலில் எடை இவ்வளவு என்று அனுப்பியவரின் தாள் சொல்லும். வாங்குகிறவர் அதை மட்டும் நம்பிப் பணம் கொடுப்பதில்லை. சர்வேயர் படகில் கப்பலைச் சுற்றிவந்து, முன், நடு, பின் என இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு இடங்களில் அது எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று பார்ப்பார். கடல்நீரை மொண்டு அதன் அடர்த்தியை அளப்பார். கப்பலின் சொந்த எடை, எண்ணெய், நன்னீர், அடித்தொட்டித் தண்ணீர் எல்லாவற்றையும் கழிப்பார். மிச்சம்தான் சரக்கு. புத்தகத்தின் பின்னட்டை, அணிந்துரை, ஆசிரியரின் பட்டங்கள் எல்லாம் அனுப்பியவரின் தாள். கழிக்க வேண்டியதைக் கழித்தபின் என்ன நிற்கிறது என்று எழுதுவதற்குத்தான் எனக்கு நாலு பக்கம் தருகிறார்கள்.

எப்படிக் கழிப்பது? நூல் விமர்சனம் எழுத ஆசைப்பட்டு வீட்டுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் ஒரே ஒரு பயிற்சிதான் கொடுப்பேன். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, ஆசிரியர் என்ன வாதிடுகிறார் என்று ஒரே வாக்கியத்தில் எழுது. அந்த வாக்கியத்தை ஆசிரியரிடம் காட்டினால், 'ஆமாம், இதைத்தான் சொல்கிறேன்' என்று அவர் ஒத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலோர் இங்கேயே தடுக்கி விழுவார்கள். 'இந்நூல் முத்துக்குளித்தலின் வரலாற்றைக் கூறுகிறது' என்று எழுதிக்கொண்டு வருவார்கள். அது பொருள், வாதமல்ல. 'முத்துக்குளித்தலில் வந்த லாபம் குளித்தவனுக்குப் போகாததற்குக் காரணம் அரசின் பங்கு முறை' என்றால் அது வாதம். அதோடு மல்லுக்கு நிற்கலாம். பொருளோடு என்ன சண்டை போட முடியும்?

வாதம் பிடிபட்டதும் நான் கேட்கிற கேள்வி இதுதான்: இதைச் சொல்கிறவர் எங்கே நின்று பார்த்தார்?

எங்கள் கரையில் இந்தக் கேள்விக்கு வேலை அதிகம். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ்' என்ற கிரேக்க வணிகக் கையேடு, கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக் குளித்தார்கள் என்கிறது. ஒரே ஒரு வாக்கியம். அது இல்லாத முத்து வரலாற்றை நான் பார்த்ததில்லை. கையேட்டை எழுதியவர் மேலைக் கரைத் துறைமுகங்களைப் பற்றிப் பேசும்போது ஆற்றுமுகத்தின் ஆழம் முதற்கொண்டு சொல்வார். குமரியைத் தாண்டியதும் விவரம் மெலிந்துவிடும். கீழைக் கரையைப் பற்றி அவர் எழுதியதில் பெரும்பகுதி காதில் விழுந்தது என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. இன்னொரு பக்கம், மதுரைக்காஞ்சியும் அகநானூறும் கொற்கை முத்தைப் பேசுகின்றன. அங்கே கடலோடு வருகிறவர்கள் பரதவர். இந்த இரண்டு சாட்சியையும் ஒரே மேசையில் வைத்து எடை போடுகிற நூலுக்கு என் மதிப்புரையில் ஒரு பத்தி கூடுதலாகக் கிடைக்கும். குற்றவாளி வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, 'அடிமைகளின் கண்ணீரே முத்தானது' என்று ஓடுகிறவரிடம் நான் நின்று பேசுவதில்லை.

இன்னொன்று, மூச்சு. குளியாளி தண்ணீருக்குள் எவ்வளவு நேரம் தாங்குவான்? பாரசீக வளைகுடாவின் முத்துக்குளியைப் பற்றி இபன் பதூதா மணிக்கணக்கில் சொல்லிவிட்டுப் போனார். கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு படகில் உட்கார்ந்து பார்த்தவர்களின் கணக்கோ ஒன்று, ஒன்றரை நிமிடத்தோடு நின்றுவிடும். 'பல நிமிடங்கள் மூச்சடக்கும் வீரர்கள்' என்று ஒரு புத்தகத்தில் கண்டால், அந்த ஆசிரியர் படகுக்குப் போகவில்லை, புத்தகத்துக்குத்தான் போயிருக்கிறார் என்று தெரிந்துவிடும். சரி, புத்தகத்துக்குப் போவது குற்றமா? இல்லை. எந்தப் புத்தகத்துக்குப் போனார் என்று சொல்லாமல் விடுவதுதான் குற்றம்.

சந்தேகம் வந்தால் திரேஸ்புரத்துக்குப் போவேன். அங்கே சங்குக்குளிக்குப் போய் ஓய்ந்த பெரியவர் ஒருவர் எனக்குப் பழக்கம். முத்துக்குளியைப் பற்றிய ஒரு நூலில் ஆடி மாதத்தில் குளித்ததாக உருக்கமான வர்ணனை ஒன்று இருந்தது. வாசித்துக் காட்டினேன்.

"இவரு எந்தக் கடல்ல குளிச்சாராம் தம்பி?" என்றார்.

"இந்தக் கடல்தான் அண்ணாச்சி."

"ஆடிக் கச்சான்ல கடலு கலங்கிக் கெடக்கும். கைய நீட்டுனா வெரலு தெரியாது. எட்டு பாகம், ஒம்பது பாகம் கீழ போயி எதத் தடவுவான்? பங்குனி, சித்திரையில கடலு தெளிஞ்சு கெடக்கையில குளிக்கிறதுல்லா அது."

மதிப்புரையில் இதை இரண்டு வரியில் எழுதினேன். பருவத்தில் தவறு என்று மட்டும் எழுதியிருந்தால் அது பிழைதிருத்தம். அந்த நூலின் மைய வாதமே குளியாளிகளின் அன்றாட வாழ்க்கையை உள்ளிருந்து காட்டுவது. கடல் எப்போது தெளியும் என்று தெரியாத கதைசொல்லி உள்ளே இருந்திருக்க முடியாது என்பதைச் சேர்த்துச் சொன்னபோதுதான் அது விமர்சனம் ஆயிற்று. சின்னப் பிழையாக இருந்தாலும், வாதத்தின் தூணில் விழுந்த பிழை என்றால் மதிப்புரையின் நடுவிலேயே எழுதுவேன். மற்றவற்றைக் கடைசியில் ஒரு வாக்கியத்தில் மூட்டை கட்டிவிடுவேன். அச்சுப்பிழைகளை எண்ணிக் காட்டுகிற மதிப்புரைகளைப் பார்த்தால் எனக்குக் கொட்டாவி வரும்.

நல்ல கண்டன மதிப்புரை எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இலக்கியத் திறனாய்விலிருந்து உதாரணம் தருவதில்லை. இந்த மன்னார் வளைகுடாச் சிப்பியிலிருந்தே தருவேன்.

இலங்கைப் பக்கத்தில் கடலடியில் சிப்பி விளையும் முத்துப் பார்கள் பல வருஷம் வெறுமையாகக் கிடந்ததும், காரணம் கண்டுபிடிக்க லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மேனை 1902-ல் அனுப்பினார்கள். கூடவே ஜேம்ஸ் ஹார்னெல். ஹெர்ட்மேன் சில மாதம் இருந்துவிட்டு ஊருக்குப் போனார். ஹார்னெல் தங்கிவிட்டார். 1903 முதல் 1906 வரை ஐந்து பெரிய தொகுதிகளாக அறிக்கையை ராயல் சொசைட்டி வெளியிட்டது. அதில் ஒரு கவர்ச்சியான முடிவு: நல்ல முத்து உண்டாவதற்குக் காரணம் நாடாப்புழு ஒன்றின் இளம்புழு. சிப்பிக்குள் அது மாட்டிக்கொள்கிறது, சிப்பி அதைச் சுற்றி முத்தைப் பூசி மூடுகிறது. சிப்பியைத் தின்னும் திருக்கை போன்ற மீனின் வயிற்றில் அந்தப் புழு வளர்ந்து பெரிதாகிறது. கேட்கிறவனுக்கு உடனே பிடித்துப்போகிற கதை. புழு பெருகினால் முத்துப் பெருகும் அல்லவா?

அதே வருஷங்களில் குளியும் கொழித்தது. 1905-ல் மட்டும் இலங்கைப் பார்களில் 8 கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். எங்கள் கரையிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் போன குளியாளிகள் அதில் உண்டு. 1906-ல் லண்டன் கம்பெனி ஒன்று வருஷத்துக்கு 3,10,000 ரூபாய் குத்தகை பேசி, 20 வருஷத்துக்கு அந்தப் பார்களை எடுத்தது. 1907-க்குப் பிறகு குளி இல்லை. சிப்பி வரவில்லை. 1912-ல் கம்பெனி கையைத் தூக்கிவிட்டது.

அந்த 1912-லேயே லிஸ்டர் ஜேம்சன் என்ற விலங்கியலாளர் லண்டன் விலங்கியல் சங்கத்தின் இதழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். இலங்கைச் சிப்பியின் ஓடும் முத்தும் எப்படி அமைந்திருக்கின்றன என்று விவரித்து, அந்த விவரத்தைக் கொண்டே நாடாப்புழுக் கொள்கையைச் சோதித்தார். சோதனையில் கொள்கை நிற்கவில்லை. சிப்பியின் மேலுறைத் தோலிலிருந்து உண்டாகும் ஒரு சிறு பைதான் முத்தைச் சுரக்கிறது, உள்ளே புழு இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பது அவர் பக்கம்.

இதில் நான் பிள்ளைகளுக்குக் காட்டுவது மூன்று விஷயம். முதலாவது, ஜேம்சன் எதிரணி ஆள் இல்லை. 1902-ல் அவரே கல்மட்டி முத்துக்குத் தட்டைப்புழு ஒன்று காரணம் என்று எழுதியவர். தன் கொள்கைக்கு உறவான கொள்கையைத்தான் கத்தி வைத்துப் பார்த்தார். நண்பர் புத்தகத்தை விமர்சிக்கத் தயங்குகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம். அடுத்தது, கம்பெனி விழுந்ததை அவர் தன் வாதத்துக்குச் சாட்சியாக நம்பியிருக்கத் தேவை இருக்கவில்லை. சிப்பி வராதது வேறு கேள்வி, முத்து எப்படி உண்டாகிறது என்பது வேறு கேள்வி. மூன்றாவதை ஜேம்சன் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்: புழுக் கொள்கை விழுந்தாலும் ஹெர்ட்மேனின் ஐந்து தொகுதிகள் விழவில்லை. இந்தக் கடலின் பஞ்சு, நண்டு, சங்கு, புழு என்று உயிர்வகை ஒவ்வொன்றுக்கும் நிபுணர்கள் எழுதிச் சேர்த்த பகுதிகளை இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள். வாதம் தோற்ற புத்தகத்தில் விவரம் ஜெயித்திருக்கலாம். இரண்டையும் பிரித்துச் சொல்லாத மதிப்புரை பாதி மதிப்புரை.

அந்தச் சர்ச்சையின் கடைசிச் சாட்சி எங்கள் ஊரிலேயே கிடைத்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி 1973 ஜூலையில் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உண்டாக்கினார். ஒரு சிறு மணியும், இன்னொரு சிப்பியின் மேலுறைத் துண்டும் உள்ளே வைத்தார்கள். புழு எதுவும் வைக்கவில்லை.

முத்து ஏன் அற்றுப்போனது என்பதுதான் எங்கள் ஊர்ப் புத்தகங்களில் அடுத்த பெரிய கேள்வி. உள்ளூர்க்காரர் ஒருவர் தன் செலவில் அச்சடித்த நூலில், புதிய துறைமுகமும் ஆலைகளும் வந்ததால் முத்துக்குளித்தல் நின்றது என்று அழுத்தமாக எழுதியிருந்தார். படிக்கும்போதே மனசு அவர் பக்கம் சாய்ந்தது. ஆனால் வருஷங்களைத் தாளில் வரிசையாக எழுதிப் பார்ப்பது என் வழக்கம். இந்தப் பக்கம் கடைசிக் குளி 1961. புதிய துறைமுக வேலை தொடங்கியது 1964. பெருந்துறைமுகம் என்று அறிவித்தது 1974 ஜூலை. அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடியது 1979. பின்னால் வந்தது முன்னால் நடந்ததற்குக் காரணம் ஆக முடியாது.

இங்கேதான் மதிப்புரைக்காரன் நிதானிக்க வேண்டும். 'துறைமுகம் குற்றமற்றது' என்று நான் எழுதினேனா? இல்லை. தூர்வாரலும், கழிவும், பவளப்பாறை வெட்டியதும் இந்தக் கடலுக்கு என்ன செய்தன என்பது தனிக் கணக்கு. சிப்பி திரும்பி வரவிடாமல் அவை தடுத்திருக்கலாம், அதை வாதிடலாம். நின்றதற்குக் காரணம் வேறு, திரும்பாததற்குக் காரணம் வேறு. துறைமுகமே இல்லாத காலத்திலும் பார்கள் பத்து, இருபது வருஷம் வெறுமையாகக் கிடந்து, திடீரென்று நிறைந்திருக்கின்றன. 1955 முதல் 1961 வரை தொடர்ந்து குளி நடந்ததே நீண்ட வெறுமைக்குப் பிறகுதான். அந்த ஏற்ற இறக்கத்தை நூல் எங்கேயும் பேசவில்லை. நான் எழுதியது இவ்வளவுதான். ஆசிரியரின் கோபம் நியாயமானது என்பதையும் எழுதினேன், ஆனால் கோபத்துக்கு மதிப்பெண் போடவில்லை.

வ.உ.சி. நூல்களுக்கு மதிப்புரை எழுதுவது இன்னும் கஷ்டம். ஊரே அவர் பக்கம். நானும்தான். அவர் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கம் 1906 அக்டோபரில் பதிவாயிற்று. 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு, மூலதனம் 10 லட்சம். இதெல்லாம் பத்திரத்தில் இருப்பது. போட்டிக்காக வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, பிறகு இலவசமாகவே ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது என்பது நூலுக்கு நூல் வருகிற செய்தி. குடை உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. அந்த இடத்தில் அடிக்குறிப்பு இருக்கிறதா, இருந்தால் எங்கே போகிறது என்று தொடர்ந்து போவேன். ஒரு நூல் இன்னொரு நூலைக் காட்டும், அது மூன்றாவதைக் காட்டும், அது யாரையும் காட்டாது. இப்படி மூன்று அடிக்குறிப்பைத் தொடர்ந்தால் போதும், ஆசிரியரின் கை சுத்தம் தெரிந்துவிடும்.

மாறாக, ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' போன்ற ஒன்று வந்தால் மதிப்புரைக்காரனுக்கு வேறு சிக்கல். ஆவணக்காப்பகத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்து எழுதிய ஆளிடம் என்ன குறை கண்டுபிடிப்பது என்று திகைத்து, 'கடின உழைப்பு தெரிகிறது' என்று எழுதி நழுவுகிறார்கள். உழைப்பைப் பாராட்டுவது சோம்பேறித்தனம். அந்த உழைப்பால் நமக்கு முன்பு தெரியாத எது தெரிந்தது என்று சொல்ல வேண்டும். 1908 மார்ச் 13 கலகத்தில் தலைவர்களுக்கு அப்பால் தெருவில் இறங்கிய சாமானியர்கள் யார் என்பது அங்கே மேலே வருகிறது. அதைச் சொன்னால் பாராட்டு தானாக வந்துவிடும். போலீஸ் அறிக்கையும் கோர்ட் காகிதமும் எந்தக் குரலைப் பிடிக்கும், எதை விடும் என்று அடுத்துக் கேட்கலாம். அது குறை சொல்வதல்ல, வாசகனை அடுத்த வாசலுக்குக் கூட்டிப்போவது.

ஹார்னெல் 1914-ல் எழுதிய சங்கு பற்றிய நூலையும் இப்படித்தான் வாசிக்கிறேன். குளிக்கும் முறை, சங்கின் தரம், வங்காளத்து வளையல் வியாபாரம் என்று அவர் திரட்டிய விவரத்துக்கு ஈடாக இன்னும் ஒன்று வரவில்லை என்பது என் எண்ணம். ஆனால் அவர் சர்க்கார் அதிகாரி. அரசின் வருமானம் அவர் பார்வையை விட்டு அகலுவதேயில்லை. அது அவருடைய இடம். அந்த இடத்திலிருந்து தெரிந்ததை அவர் நேர்மையாக எழுதினார். குளித்தவன் எழுதிய நூலை அவரிடம் கேட்பது நியாயமில்லை. ஆசிரியர் எழுதாத புத்தகத்தை அவர் தலையில் கட்டி அடிக்கிற மதிப்புரைகள் தமிழில் ஏராளம்.

சின்ன ஊரில் இந்தத் தொழிலுக்கு ஒரு விலை உண்டு. நூல் வெளியீட்டு விழாவில் பொன்னாடை போர்த்தி, 'ஆய்வுரை' என்று அழைப்பிதழில் போட்டுப் பேச வைப்பார்கள். மேடையில் நான் உண்மையில்லாததைப் பேசமாட்டேன், ஆனால் முழு உண்மையும் பேசமாட்டேன். ஒரு மனுஷன் பெண்டாட்டி பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறான். அதனால் மேடையில் பேசிய நூலுக்கு அச்சில் மதிப்புரை எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். உறவு, ஒரே அலுவலகம், கடன் கொடுக்கல் வாங்கல் இருந்தாலும் அப்படியே. இதழாசிரியர்களுக்கு எரிச்சல். "அண்ணாச்சி, அப்ப தூத்துக்குடிப் புத்தகத்துக்கு நான் மெட்ராஸ்லதான் ஆள் தேடணும்" என்பார் ஒருவர். தேடட்டும்.

துறைமுகத்தைக் குற்றம் சொன்ன அந்த நூலின் ஆசிரியர், மதிப்புரை வந்த வாரம் நேரே வீட்டுக்கு வந்தார். கோபமாகத்தான் வந்தார். நான் வருஷங்களை எழுதிவைத்த தாளைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்போ 61-லயே சிப்பி ஏன் நின்னுச்சு, சொல்லும்" என்றார். "அதை நீர்தான் எழுதணும்" என்றேன். காபி குடித்துவிட்டுப் போனார். பிறகு கடைசிக் குளிகளில் இறங்கியவர்களில் உயிரோடு இருந்த கிழவர்களைத் தேடித் திரேஸ்புரம், புன்னைக்காயல், வேம்பார் என்று அலைய ஆரம்பித்தார். மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் பழைய அறிக்கைகளை நகலெடுத்துக்கொண்டு வந்து, புரியாத இடங்களை என்னோடு உட்கார்ந்து படித்தார். புதிய கையெழுத்துப் பிரதி முதல் புத்தகத்தைப் போல மூன்று மடங்கு இருந்தது. நான் படித்து, பக்கத்துக்குப் பக்கம் பென்சிலில் சண்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். ஆகவே அது அச்சாகி வந்தால் மதிப்புரை எழுத வேறு ஆளைப் பார்க்கும்படி இதழுக்கு இப்போதே சொல்லிவிட்டேன்.